பனிமலை முகாமுக்கு ஸ்லீப்பிங் பேக்: உறையில் உள்ள எந்த எண்ணை நம்பி வாங்குவது?

மயூர் விஹார் வாசகி எழுதியது:

வணக்கம். வரும் டிசம்பர் கடைசி வாரத்தில் நானும் என் கணவரும் 12 வயது மகளும், கிழக்குத் தில்லியில் வசிக்கும் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து, உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா சிகரத்துக்கு மலையேற்றம் போகிறோம். வழிகாட்டி, கூடாரம், சமையல் ஆகியவை சாங்க்ரி கிராமத்தில் ஏற்பாடாகிவிட்டன. ஸ்லீப்பிங் பேக் என்னும் உறங்கும் பையையும் அடியில் விரிக்கும் பாயையும் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பனியின்மேல் கூடாரமடித்து இரவு தங்குவது எங்கள் குடும்பத்துக்கு இதுவே முதல்முறை.

கடைகளிலும் இணையத்திலும் தேடியதில் குழப்பமே மிஞ்சியது. ஒரு பையின் உறையில் மைனஸ் 10 டிகிரி என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். விலை மூவாயிரத்துக்கும் குறைவு. வேறு விவரம் எதுவுமில்லை. இன்னொரு பையில் கம்ஃபர்ட் 0, லிமிட் மைனஸ் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 22 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. விலை முன்னதைப்போல் இரண்டு மடங்கு. வாத்துத் தூவி அடைத்த பையோ பதினையாயிரத்தைத் தாண்டுகிறது. மைனஸ் 10 தாங்கும் பை, பூஜ்யம் வரை மட்டுமே தாங்கும் பையைவிட மலிவாக எப்படிக் கிடைக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

எனக்குக் குளிர் சற்றும் தாங்காது. தில்லி ஜனவரியில் இரண்டு ரஜாய்களைப் போர்த்திக்கொண்டாலும் பாதம் சில்லென்றே இருக்கும். கணவர் அதே அறையில் ஒற்றைப் போர்வையோடு உறங்கிவிடுவார். மூவருக்கும் ஒரே வகைப் பையை வாங்கலாமா? நாங்கள் புலால் உண்பதில்லை என்பதால் தூவிப் பையைப் பற்றி ஒரு தயக்கமும் இருக்கிறது. மூன்று பைகளுக்கும் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் முடிக்க விரும்புகிறோம். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

துவாரகா மலைநடையர் எழுதியது:

வணக்கம் அம்மா. அந்த மலிவான பையை முதலில் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒற்றை எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தால், அது எதைக் குறிக்கிறது என்று விற்பவராலேயே சொல்ல முடியாது. அது எக்ஸ்ட்ரீம் எண்ணாக இருக்கலாம். சோதனை எதுவும் செய்யாமல் இட்ட எண்ணாகவும் இருக்கலாம்.

மூன்று எண்கள் உள்ள பை, ஐரோப்பாவில் 2002இல் வெளியான ஈ.என். 13537 என்ற தரநிலையின்படியோ, 2016இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரநிலையின்படியோ சோதிக்கப்பட்டிருக்கும். வெப்பமூட்டிகளும் உணரிகளும் பொருத்திய ஆள் உயரப் பொம்மைக்கு உள்ளுடுப்பும் நீண்ட காலுறையும் அணிவித்து, பைக்குள் இட்டு, பாயின்மேல் கிடத்தி, குளிரூட்டிய அறையில் அதன் வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவைக் கொண்டே மூன்று எண்களையும் கணக்கிடுகிறார்கள். 25 வயதும் 1.60 மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒரு பெண், கைகால்களைத் தளர்த்திப் படுத்துக் குளிர் தெரியாமல் உறங்கக்கூடிய வெப்பநிலை கம்ஃபர்ட். அதே வயதும் 1.73 மீட்டர் உயரமும் 73 கிலோ எடையும் உள்ள ஓர் ஆண், உடலைக் குறுக்கிச் சுருண்டுகொண்டு ஒருவாறு இரவைக் கடத்தக்கூடிய எல்லை லிமிட். எக்ஸ்ட்ரீம் என்பதோ, அந்தப் பெண் ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்லும் எண். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும், விரல்கள் உறைந்து காயமாகவும் வாய்ப்புண்டு. அந்த எண்ணைப் பார்த்து யாரும் பை வாங்கக் கூடாது. நீங்கள் பார்த்த பூஜ்யப் பையில் கூட எக்ஸ்ட்ரீம் மைனஸ் 22 என்றுதான் இருக்கிறது. அந்த ஓர் எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டால் அதுவும் எவரெஸ்ட் பயணத்துக்கு உரிய பையாகத் தோன்றிவிடும்.

ஆகவே உங்களுக்கும் மகளுக்கும் கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள். கணவருக்குக் கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் இடைப்பட்டது போதும்.

அடுத்து, எவ்வளவு குளிருக்குத் தயாராவது என்ற கேள்வி. கேதார்காந்தா சிகரம் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம். முகாம்கள் அதற்குச் சில நூறு மீட்டர் கீழே அமையும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மேகம் இல்லாத இரவில் பனிப்பரப்பு வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருப்பதால், விடியலுக்கு முந்தைய நேரத்தில் குளிர் இன்னும் இறங்கும். டிசம்பர் இறுதியில் மைனஸ் 10ஐ எதிர்பார்த்துத் தயாராவதே விவேகம். அப்படியானால் நீங்கள் பார்த்த பூஜ்யப் பை, அது நல்ல பையாகவே இருந்தாலும், உங்களுக்குப் போதாது. கம்ஃபர்ட் மைனஸ் 5 உள்ள பையை வாங்கி, உள்ளாடையாலும் மேலே ஒரு போர்வையாலும் மீதியை ஈடுகட்டுவது உங்கள் செலவுக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

பையின் உள்நிரப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எந்தப் பையும் சூட்டை உண்டாக்குவதில்லை. உங்கள் உடல் வெளியிடும் சூட்டை, நிரப்பின் இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று தடுத்து வைக்கிறது. ரஜாயின் பஞ்சு இறுகிப்போனால் தில்லியில் மறுபடி அடித்து உப்ப வைத்துத் தருகிறார்களே, அதே காரணத்துக்காகத்தான் பையும் உப்பி நிற்க வேண்டும். வாத்துத் தூவி, எடைக்கு எடை பார்த்தால், மற்றெதையும்விட அதிகமாக உப்பும். இதைத்தான் ஃபில் பவர் என்று குறிப்பிடுகிறார்கள். ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். 600 என்பது நல்லது. 800 என்பது மிக உயர்ந்தது. ஆனால் அந்த எண் மட்டும் சூட்டைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில விற்பனையாளர்கள் ஃபில் பவரை உரக்கச் சொல்லிவிட்டுத் தூவியின் எடையைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

தூவியின் பெரிய குறை ஈரம். நனைந்தால் ஒட்டிக்கொண்டு உப்பலை இழந்துவிடும்; உலர நெடுநேரம் பிடிக்கும். பாலியஸ்டர் இழை நனைந்த பிறகும் ஓரளவு சூட்டைக் காக்கும், விலையும் குறைவு. எடையும் பருமனும் அதிகம் என்பதே அதன் குறை. மூட்டையைக் கோவேறு கழுதை சுமக்கப் போகிறது என்றால் அந்தக் குறை உங்களைப் பாதிக்காது.

கடையில் பையைக் கையிலெடுக்கும்போது, தலையை மூடும் முக்காடும், கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும் தடித்த பட்டையும், ஜிப்பின் உட்புறம் நெடுகத் தைத்த திண்டும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத பையில், புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சேர்ந்த சூடான காற்று வெளியேறிவிடும். வெளித்துணியையும் உள்துணியையும் நேரடியாகச் சேர்த்துத் தைத்த பைகளில் தையல் ஓடும் இடமெல்லாம் நிரப்பு இல்லாமல் குளிர் உட்புகும். ஆகவே அறை அறையாகத் தடுத்துத் தைத்த பையைக் கேளுங்கள்.

முனிர்கா நண்பர் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் பையைப் பற்றியே பேசிக்கொண்டு பாயை மறந்துவிட வேண்டாம். பனியின்மேல் படுக்கும்போது குளிர் பெரும்பாலும் கீழிருந்தே ஏறுகிறது. முதுகுக்குக் கீழுள்ள நிரப்பு உடல் எடையால் நசுங்கித் தட்டையாகிவிடுவதால், எவ்வளவு விலையுயர்ந்த பையானாலும் அடிப்பக்கம் ஏறக்குறைய வெறும் துணியாகிவிடுகிறது. அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுவது பாய் மட்டுமே.

பாயின் வெப்பத்தடுப்பை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். அதை அளப்பதற்கு ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுத் தரநிலை 2018இல் வந்தது. எண் கூடக்கூடத் தடுப்பு கூடும். மடித்து எடுத்துச் செல்லும் மூடிய குமிழி ஃபோம் பாய்களின் மதிப்பு ஏறத்தாழ 2 இருக்கும். பனியில் படுக்க 4 அல்லது 5 வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு: ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால் மதிப்புகள் அப்படியே கூடும். இரண்டு ஃபோம் பாய்களை அடுக்கினால் 4 கிடைத்துவிடும். காற்றடைத்த, உள்ளே காப்பு வைத்த பாயை வாங்கும் செலவு மிச்சமாகும். அது ஓட்டையாகிவிடுமோ என்ற கவலையும் இராது. வீட்டிலுள்ள யோகா பாயை எடுத்துச் செல்ல நினைத்தால் தயவுசெய்து அதை மூன்றாவது அடுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்று மட்டும் அடைத்த சாதாரண மெத்தை இன்னும் மோசம். உள்ளே காற்று சுழன்று சூட்டை நிலத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகச் சோதனையில் அந்தப் பொம்மை நல்ல காப்புள்ள பாயின்மேல்தான் கிடத்தப்படுகிறது. மெல்லிய பாயின்மேல் படுத்துவிட்டு, பையின் கம்ஃபர்ட் எண் பொய் என்று சொல்வது நியாயமாகாது.

ஆர்.கே. புரம் ஆசிரியை எழுதியது:

சகோதரி, பெண்களுக்கும் குழந்தைக்கும் உரிய சிலவற்றைச் சேர்க்கிறேன். தோளில் குறுகி, இடுப்பில் சற்று அகன்று, பாதத்தில் கூடுதல் நிரப்பு வைத்துப் பெண்களுக்கென்றே தைத்த பைகள் சில நிறுவனங்களில் கிடைக்கின்றன. உங்களுக்குப் பாதம் குளிர்வதால் அவற்றைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. கிடைக்காவிட்டால், உங்கள் உயரத்துக்கு ஏற்ற அளவையாவது தவறாமல் கேளுங்கள். உயரமான ஆணுக்கு உரிய பைக்குள் உயரம் குறைந்தவர் படுத்தால், காலுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் இடத்தையும் அவர் உடல்தான் சூடாக்க வேண்டியிருக்கும்.

மகளைப் பற்றிக் கூடுதல் கவனம் தேவை. இந்தத் தரநிலைகள் பெரியவர்களின் உடலை வைத்துக் கணக்கிட்டவை. குழந்தைகளுக்கான பைகள் அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. எனவே குழந்தைகள் பையில் அச்சிட்ட வெப்பநிலை எண்ணை இத்தகைய குளிருக்கு நம்ப முடியாது. பெரியவர்களுக்கான சிறிய அளவுப் பையை, உங்களுக்கு எடுக்கும் அதே கம்ஃபர்ட் எண்ணில் அவளுக்கும் எடுங்கள். நீளம் மிஞ்சினால், கால்முனையை மடக்கிக் கயிற்றால் தளர்வாகக் கட்டலாம். மறுநாள் உடுத்த வேண்டிய உலர்ந்த துணிகளை அங்கே திணித்து வைப்பது அதைவிட நல்லது, காலையில் துணியும் வெதுவெதுப்பாக இருக்கும். இரவில் அவளை உங்கள் இருவருக்கும் நடுவில் படுக்க வையுங்கள். குளிர்கிறது என்று எழுப்பிச் சொல்லத் தயங்கக் கூடாது என்று புறப்படுவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பிறர் தூக்கம் கெடுமே என்று பேசாமல் நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள்.

தூவியைப் பற்றிய உங்கள் தயக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. உயிருள்ள பறவையிடமிருந்து தூவியைப் பிடுங்குவதையும், கட்டாயமாக இரையூட்டுவதையும் தடைசெய்யும் ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்டு என்ற சான்று 2014 முதல் இருக்கிறது. ஆர்.டி.எஸ். என்ற முத்திரையைப் பையின் சீட்டில் காணலாம். ஆயினும் அந்தத் தூவி, இறைச்சிக்காகக் கொல்லப்படும் பறவைகளிடமிருந்து வருவதே. சான்று கொடுமையைத் தடுக்கிறது, கொலையைத் தடுப்பதில்லை. இது உங்கள் மனத்துக்கு ஒப்பாவிட்டால், வருத்தமே இல்லாமல் செயற்கை இழைப் பையை வாங்குங்கள். கேதார்காந்தா அளவுக் குளிருக்கு அது முற்றிலும் போதுமானது. எங்கள் வீட்டில் எல்லாமே செயற்கை இழைப் பைகள்தாம்.

மயூர் விஹார் வாசகி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமக்கும் என்று வழிகாட்டி உறுதி சொல்லியிருப்பதால் எடையைப் பற்றிய கவலை எங்களுக்கு இல்லை. ஆகவே செயற்கை இழை என்று முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இந்த ஒரு பயணத்துக்காக மூன்று பைகளையும் வாங்குவது தேவைதானா, அல்லது சாங்க்ரியில் வாடகைக்கு எடுத்துவிடலாமா? பைக்குள் போட்டுக்கொள்ளும் லைனர் என்ற மெல்லிய உறை, பத்து டிகிரி வரை சூட்டைக் கூட்டும் என்று ஓர் அட்டையில் படித்தேன். அதை நம்பலாமா?

கரோல் பாக் நண்பர் எழுதியது:

டேராடூனிலும் சாங்க்ரியிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒருமுறை போகிறவர்களுக்கு அது சிக்கனமான வழியும்கூட. ஆனால் டிசம்பர் கடைசி வாரம் நெரிசலான காலம். கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். அத்துடன், பல பருவங்கள் இறுக்கிச் சுருட்டி, அடிக்கடி துவைத்து, நிரப்பு நசுங்கிய பையில் அச்சிட்ட எண் அது புதிதாக இருந்தபோதைய எண் என்பதை மனத்தில் வையுங்கள். வாடகைப் பையை விரித்துக் கால்மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பி எழாவிட்டால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நிரப்பு ஒதுங்கி மெலிந்த இடங்கள் தெரியும். ஜிப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள், உள்ளே கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

என் கருத்து இது: உங்களுக்கும் மகளுக்கும் புதிய பைகளை வாங்குங்கள். குளிர் அதிகம் தெரியாத கணவருக்கு வாடகைப் பை போதும். அதில் மிச்சமாகும் பணத்தில் ஆளுக்கு இரண்டு ஃபோம் பாய்கள் வாங்கிவிடலாம்.

லைனரைப் பொறுத்தவரை, அட்டையில் சொல்லும் பத்து டிகிரியை நம்பிப் பையின் தேர்வைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். மெல்லிய பட்டு லைனர் சில டிகிரி உதவினாலே பெரிது. ஃப்லீஸ் துணியில் தைத்தது அதைவிடச் சற்றுக் கூடுதலாக உதவும். ஆனால் வாடகைப் பையைப் பயன்படுத்துகிறவருக்குத் தூய்மைக்காகவே ஒரு லைனர் அவசியம். சொந்தப் பையிலும் வியர்வையும் எண்ணெயும் படியாமல் காக்கும். துவைக்கும் தேவை குறைந்தால் பையின் ஆயுள் கூடும். பருத்தித் துணியில் மட்டும் வாங்காதீர்கள். அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிர வைக்கும். உள்ளே உடுத்தும் துணிக்கும் இதே விதிதான்.

திரும்பி வந்த பிறகு பையை அதனோடு வரும் சிறிய உறையில் திணித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் நிரப்பு மீண்டும் எழாது. நிழலில் நன்றாக உலர்த்தி, பெரிய பருத்திப் பையிலோ பழைய தலையணை உறைகளைச் சேர்த்துத் தைத்த பையிலோ தளர்வாகப் போட்டு வையுங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தில்லிக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது, இடையில் ஒருமுறை எடுத்து விரித்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது.

துவாரகா மலைநடையர் எழுதியது:

கரோல் பாக் நண்பரின் யோசனையை நானும் ஏற்கிறேன். பையை இரவில் பயன்படுத்தும் முறையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனெனில் நல்ல பையையும் வீணாக்கும் பழக்கங்கள் சில உண்டு.

கூடாரத்துக்குள் நுழைந்தவுடன் பையை உறையிலிருந்து எடுத்து உதறி விரித்துவிடுங்கள். இரவு உணவு முடிவதற்குள் அது முழுதாக உப்பிவிடும். பகலில் நடந்த துணியோடு படுக்க வேண்டாம். வெளிக்குத் தெரியாவிட்டாலும் அதில் வியர்வை இருக்கும். உலர்ந்த தெர்மல் உடை, உலர்ந்த கம்பளிக் காலுறை, குல்லாய் ஆகியவற்றை உறங்குவதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தடித்த ஜாக்கெட்டை உடுத்திக்கொண்டு பைக்குள் பிதுங்கிப் படுத்தால் நிரப்பு உள்ளிருந்தே நசுங்கும். அதைக் கழற்றிப் பையின்மேல் போர்த்திக்கொள்வது நல்லது. உடல் சில்லிட்ட பின் பைக்குள் நுழைந்தால், தடுத்து வைக்கச் சூடு எதுவும் இராது. அதனால் வயிறு நிறையச் சாப்பிட்டு, கூடாரத்தைச் சுற்றி நாலு நடை நடந்துவிட்டு, சிறுநீரும் கழித்துவிட்டு உள்ளே போங்கள். கசியாத மூடியுள்ள போத்தலில் வெந்நீர் நிரப்பி, ஒரு காலுறைக்குள் இட்டுப் பாதத்தருகே வைத்துக்கொண்டால், உங்கள் பாதக் குளிருக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

முக்காட்டின் கயிற்றை மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து முகத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டால் மூச்சின் ஈரம் முழுவதும் நிரப்பில் படிந்து, இரண்டாம் இரவில் பை சூடு கொடுக்காது. காலையில் வெயில் பட்டதும் பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கூடாரத்தின்மேல் சிறிது நேரம் போட்டுவிட்டால் சேர்ந்த ஈரம் போய்விடும்.

கடைசியாக ஒன்று, இதைக் குழுவில் உள்ள எல்லோரிடமும் சொல்லுங்கள். மூடிய அறைக்குள் அங்கீட்டி என்னும் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி உயிரிழந்தவர்களைப் பற்றித் தில்லியில் குளிர்காலந்தோறும் செய்தி வருகிறது. கூடாரத்திலும் அதே ஆபத்து உண்டு. எரியும் கரியும் அடுப்பும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. உறங்குகிறவர் விழிக்கவே மாட்டார். எவ்வளவு குளிரினாலும், யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், கூடாரத்துக்குள் தணலையோ அடுப்பையோ கொண்டுவர விடாதீர்கள். கூடாரத்தின் காற்றுத் துவாரங்களையும் அடைக்காதீர்கள்.

மயூர் விஹார் வாசகி எழுதியது:

இன்று மூவருமாகக் கடைக்குப் போய்வந்தோம். எனக்கும் மகளுக்கும் கம்ஃபர்ட் மைனஸ் 5 உள்ள செயற்கை இழைப் பைகளைச் சிறிய அளவில் எடுத்தோம். வாங்குவதற்கு முன் இருவரும் கடையிலேயே உள்ளே படுத்து, முக்காட்டை இழுத்துப் பார்த்தோம். கழுத்துப் பட்டையும் ஜிப்புக்கு உட்புறத் திண்டும் இருக்கின்றன. ஆறு ஃபோம் பாய்களும் மூன்று ஃப்லீஸ் லைனர்களும் சேர்த்தும் நினைத்த தொகைக்குள் முடிந்துவிட்டது. கணவருக்குச் சாங்க்ரியில் ஒரு பையை வாடகைக்கு இப்போதே ஒதுக்கி வைக்கும்படி வழிகாட்டியிடம் சொல்லிவிட்டோம். அதை விரித்துப் பார்த்து எடுப்பது அவர் பொறுப்பு. தணல் பற்றிய எச்சரிக்கையை மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.